அடுக்களைக்கு வரும் இயந்திரப் பணியாள்



தரையில் தானாகவே ஊர்ந்து சென்று குப்பையை உறிஞ்சிக்கொள்ளும் வட்ட வடிவ இயந்திரத்தைப் பற்றி அண்மைக் காலமாகச் சகோதரர்கள் பலர் நம்மிடம் வினவுகின்றனர். மண்டபத்தூர் தொடங்கிக் காரைக்கால் வரை, நம் கரையோரக் குடும்பங்களில் சபர் சென்ற பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் பாரிஸிலும் இந்த ‘ரோபோ வாக்குவம்’ இயங்குவதைக் கண்டவர்கள், உம்மாவின் அடுப்படிக்கும் ஒன்று வாங்கித்தர விரும்புகிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் வாங்குமுன் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதாம்: உறிஞ்சும் ஆற்றல் எத்தனை பாஸ்கல்? மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும்? கைப்பேசியில் இயக்கலாமா?

இக்கேள்விகள் தவறானவை அல்ல. எனினும் இவற்றுக்கு முன்னால் கேட்கப்பட வேண்டியவை வேறு உள்ளன என்பது நம் கருத்து. இந்த இயந்திரத்தை ஒரு சாதனமாக மட்டும் பாராமல், வீட்டுக்குள் அமர்த்தப்படும் ஒரு பணியாளாகப் பார்க்க வேண்டும். மிக்ஸி மேடையில் வைத்த இடத்தில் இருக்கும். இதுவோ அறை அறையாக நடமாடும். வீட்டின் அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும். சில வகைகள் பார்க்கவும் செய்யும். பணியாள் ஒருவரை வீட்டுக்குள் அனுமதிக்கும்போது மூன்று செய்திகளை நாம் கவனிப்போம். அவர் யாருடைய சுமையைக் குறைப்பார்? தூய்மையை அறிந்து வேலை செய்வாரா? வீட்டின் மறைவைக் காப்பாரா? இந்த மூன்றையும் இயந்திரத்திடமும் கேட்டுத் தேர்ந்தெடுப்பதே முறை.

முதலில் சுமையைப் பற்றிப் பேசுவோம். நம் வீடுகளின் அடுக்களைத் தரை ஒரு நாளில் எத்தனை முறை பெருக்கப்படுகிறது என்பதைப் பெருக்குபவர்களே அறிவர். காலையில் இடியாப்பத்திற்குப் பிசைந்த மாவு உதிரும். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளைகள் காலோடு கடற்கரை மணலைக் கொண்டுவருவர். மீன் ஆய்ந்தால் செதில் தெறிக்கும். இறால் உரித்தால் ஓடு சிதறும். வெங்காயச் சருகு காற்றில் பறந்து மூலைக்குச் செல்லும். ரமலான் வந்தால் சஹர் உணவும் இஃப்தாருக்கான கஞ்சியும் வாடாவுமாக அடுக்களைக்கு ஓய்வே கிடையாது. முதுகு வலியும் மூட்டு வலியும் உள்ள தாய்மார்கள் இவ்வளவுக்கும் குனிந்து நிமிர்கிறார்கள்.

இயந்திரம் வாங்குவது ஆடம்பரம், முன்னோர் விளக்குமாற்றால் பெருக்கவில்லையா என்று கேட்போர் உண்டு. பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்கள், திரிகை அரைத்துக் கைகள் காய்த்துப்போன நிலையில் தமக்கொரு பணியாள் வேண்டுமெனக் கேட்கச் சென்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அப்போது பணியாள் தரப்படவில்லை. உறங்கச் செல்லும்போது சுப்ஹானல்லாஹ் 33 முறையும், அல்ஹம்துலில்லாஹ் 33 முறையும், அல்லாஹு அக்பர் 34 முறையும் ஓதுமாறு கற்றுத்தரப்பட்டது. இச்செய்தியைக் கூறிப் பெண்களைப் பொறுமையாக இருக்கச் சொல்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். உதவி கேட்டதற்காக ஃபாத்திமா (ரலி) கண்டிக்கப்படவில்லை. அண்ணலார் (ஸல்) தாமே இரவில் மகளாரின் இல்லம் தேடிச் சென்று, அருகில் அமர்ந்து ஆறுதல் அளித்தார்கள். அடுக்களை உழைப்பின் வலியை அவர்கள் சிறிதாக எண்ணவில்லை.

ஆகவே சுமை குறைவதற்காக வாங்குவதில் தவறில்லை. ஆனால் சுமை உண்மையிலேயே குறைகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இயந்திரம் தரையில் கிடக்கும் பொருள்களைத் தானாக எடுத்துவைக்காது. அரிவாள்மனை, வெங்காயக் கூடை, தண்ணீர்க் குடம், முக்காலி, மிதியடி யாவற்றையும் ஒருவர் அப்புறப்படுத்திய பிறகே அது ஒழுங்காக ஓடும். அதன் குப்பைப் பெட்டியைக் கொட்ட வேண்டும். வடிகட்டியைத் தட்ட வேண்டும். உருளையில் சுற்றிய தலைமுடியை வெட்டி எடுக்க வேண்டும். இவ்வளவையும் அதே தாயார்தான் செய்ய வேண்டுமென்றால், ஒரு வேலையை எடுத்துவிட்டு மூன்று வேலைகளைக் கொடுத்தவர்களாவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள். இயந்திரத்தைப் பராமரிக்கும் பொறுப்பை வாங்கித்தருகின்ற ஆண்மக்களே ஏற்றுக்கொள்வது இந்த ஸுன்னத்துக்கு நெருக்கமானது. சபரில் இருக்கும் மகன் பணம் அனுப்பலாம். ஊரில் இருக்கும் தம்பி குப்பைப் பெட்டியைக் கொட்டலாம்.

இரண்டாவது, தூய்மை. நம் வீட்டுத் தரைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. சஹனை நடுவில் வைத்துச் சுற்றி அமர்ந்து உண்பதும் அத்தரையில்தான். தொழுகைப் பாய் விரிப்பதும் அத்தரையில்தான். அழுக்கு என்பது வேறு, நஜீஸ் என்பது வேறு என்று மக்தபில் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கிறோம். மாவும் மணலும் சருகும் அழுக்கு. அவை நஜீஸ் அல்ல. குழந்தையின் சிறுநீர், பல்லியின் எச்சம், அறுத்த கோழியிலிருந்து வழிந்த இரத்தம் ஆகியவை நஜீஸ். மீனின் இரத்தத்தைப் பொறுத்தவரை ஹனஃபீ மத்ஹபில் அது நஜீஸாகக் கருதப்படுவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி அதுவும் நஜீஸே. எனினும் சிறிதளவுக்குச் சலுகை உண்டு. இந்த வேறுபாடுகள் எவையும் இயந்திரத்துக்குத் தெரியாது. அதன் பார்வையில் சிந்திய பாலும் குழந்தையின் சிறுநீரும் ஒன்றே.

இங்குதான் இயந்திரத்தின் வகையை நோக்க வேண்டும். சந்தையில் இருவகை உண்டு: உலர்ந்த குப்பையை மட்டும் உறிஞ்சுபவை, உறிஞ்சுவதோடு ஈரத் துணியால் துடைக்கவும் செய்பவை. பின்னதையே கடைக்காரர்கள் உயர்வாகக் கூறுவர். அடுக்களைக்கு முன்னதே ஏற்றது என்பது நம் கருத்து. காய்ந்த நஜீஸ் காய்ந்த தரையைத் தொடுவதால் தரையின் தூய்மை கெடுவதில்லை என்பது ஃபிக்ஹின் பொது விதி. ஆதலால் மூலையில் காய்ந்து கிடக்கும் பல்லி எச்சத்தை உலர் இயந்திரம் உறிஞ்சினாலும் கேடு பரவாது. ஈரத் துணியோ அதே எச்சத்தைக் கரைத்து அடுக்களை முழுவதும் தடவிவிடும். இவ்வியந்திரங்கள் பலவற்றில் தண்ணீர்த் தொட்டி கால் லிட்டர் அளவே பிடிக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் இரு குல்லத்துக்கு, அதாவது ஏறத்தாழ 200 லிட்டருக்குக் குறைந்த தண்ணீரில் நஜீஸ் பட்டாலே அத்தண்ணீர் தூய்மையை இழந்துவிடும். அந்நிலையில் கால் லிட்டர் ஈரத்தில் தோய்ந்த துணி எதைத் தூய்மையாக்கும்?

கிராமவாசி ஒருவர் மஸ்ஜிதுந் நபவியில் சிறுநீர் கழித்தபோது, அவ்விடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுமாறு பெருமானார் (ஸல்) கட்டளையிட்டார்கள். துடைப்பதும் கழுவுவதும் வேறு வேறு என்பதற்கு இதுவே போதிய பாடம். நஜீஸ் பட்ட இடத்தில் முதலில் அதன் பொருளை அகற்றி, பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அது மனிதக் கை செய்ய வேண்டிய வேலை. அந்த இடம் நன்கு காய்ந்த பிறகே இயந்திரத்தை விட வேண்டும். ஈரத் துணி உள்ள வகையை ஏற்கெனவே வாங்கியவர்கள் வருந்த வேண்டியதில்லை. அத்துணியைக் கழற்றிவிட்டு உலர் முறையில் மட்டும் ஓட விடலாம். துடைக்க விரும்பினால் தரையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு முறையும் துணியைத் தனியே அலசிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு: நம் அடுக்களைத் தரையில் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம். ஈரத் துணி அதை அகற்றுவதைவிடப் பரப்புவதே மிகுதி. உலர் இயந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு: கொட்டிய ரசத்தையோ மீன் கழுவிய தண்ணீரையோ அது உறிஞ்சினால் உள்ளிருக்கும் மோட்டார் பழுதாகும்.

மூன்றாவது கேள்வியே மிக முக்கியமானது: வீட்டின் மறைவு.

இவ்வியந்திரங்கள் வழி அறியும் முறை காலப்போக்கில் மாறி வந்துள்ளது. ஸ்வீடன் நாட்டு எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001-இல் ‘டிரைலோபைட்’ என்ற இயந்திரத்தையும், அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் 2002-இல் ‘ரூம்பா’வையும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. தொடக்க கால ரூம்பா சுவரில் முட்டித் திரும்பி, குருடர் தடவுவது போல வழி கண்டது. 2010-இல் நியாட்டோ என்ற நிறுவனம் லேசர் ஒளியைச் சுழற்றித் தொலைவை அளக்கும் முறையை வீட்டு இயந்திரத்துக்குக் கொண்டுவந்தது. இதனை ‘லைடார்’ என்பர். இயந்திரத்தின் மேல் சிறு குமிழ் போல் தெரியும். அது தொலைவை அளந்து வரைபடம் போடுமே தவிரப் படம் பிடிக்காது. வேறு சில வகைகளில் கேமரா பொருத்தப்பட்டிருக்கும். மின்கம்பி, செருப்பு போன்றவற்றை அடையாளம் கண்டு விலகிச் செல்ல அது உதவுகிறது என்பர். உதவுவது உண்மையே. ஆனால் வீட்டுக்குள் நடமாடும் ஒரு கண், இணையத்தோடு இணைந்திருக்கும் ஒரு கண், வேறு எதையெல்லாம் காணும்?

இது வெறும் ஐயமன்று. 2020-இல் ரூம்பா சோதனை இயந்திரங்கள் பிடித்த வீட்டுப் படங்கள், கணினிக்குப் பயிற்சி அளிப்பதற்காக வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்து வெனிசுலா நாட்டு ஒப்பந்தப் பணியாளர்கள் வழியாக அவை சமூக ஊடகக் குழுக்களில் கசிந்தன. கழிப்பறையில் இருந்த பெண்மணி ஒருவரின் படமும் அவற்றுள் அடங்கும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரெவ்யூ இதழ் இதை வெளிப்படுத்தியது. அவை கடையில் விற்ற இயந்திரங்கள் அல்ல, ஒப்புதல் தந்தவர்களின் வீடுகளில் வைக்கப்பட்ட சோதனை இயந்திரங்கள் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. 2024-இலோ கடையில் விற்ற இயந்திரங்களிலேயே அத்துமீறல் நிகழ்ந்தது. ஈகோவாக்ஸ் நிறுவனத்தின் ‘டீபோட் எக்ஸ்2’ இயந்திரங்கள் அமெரிக்காவின் சில நகரங்களில் அந்நியர்களால் இணையம் வழியே கைப்பற்றப்பட்டன. அவற்றின் ஒலிபெருக்கியிலிருந்து வீட்டாரை நோக்கி வசைச் சொற்கள் ஒலித்தன.

இப்போது நம் வீட்டை நினைத்துப் பாருங்கள். அடுக்களை என்பது நம் பெண்மக்கள் தலைமுக்காட்டைக் கழற்றிவிட்டு, கையை மடித்துக்கொண்டு, வேர்வையோடு இயல்பாக இருக்கும் இடம். வெளியார் வந்தால் முன்கூடத்திலேயே அமர்த்துகிறோம். கதவு தட்டி, ஸலாம் கூறி, அனுமதி பெறாமல் பிறர் வீட்டுக்குள் நுழையலாகாது என்று அந்நூர் அத்தியாயத்தின் 27-ஆம் வசனம் விதிக்கிறது. அதே அத்தியாயத்தின் 58-ஆம் வசனம் இன்னும் நுட்பமானது. வீட்டிலேயே இருக்கும் பணியாட்களும் பருவமடையாத பிள்ளைகளுங்கூட மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும்: ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் நேரம், இஷாவுக்குப் பின். நாள்தோறும் பழகும் பணியாளுக்கே இவ்வளவு கட்டுப்பாடு. கேமரா பொருத்திய இயந்திரம் எந்த வேளையில் அனுமதி கேட்கும்?

துவாரம் வழியே தம் அறைக்குள் எட்டிப்பார்த்த ஒருவரைப் பெருமானார் (ஸல்) கடுமையாகக் கண்டித்து, அனுமதி பெறுதல் என்ற சட்டமே பார்வையின் காரணமாகத்தான் வகுக்கப்பட்டது என்ற கருத்தில் கூறினார்கள். கால் உள்ளே வைப்பது மட்டுமன்று, கண் உள்ளே செல்வதும் நுழைவுதான். ஆகவே கேமரா உள்ள இயந்திரத்தை நம் வீட்டு அடுக்களைக்கு வாங்க வேண்டாம் என்பதே நம் உறுதியான அறிவுரை. இயந்திரம் ஹராம் என்று நாம் கூறவில்லை. தேவையற்ற ஒரு கண்ணை மஹ்ரமல்லாதவர் பார்வைக்குத் திறந்து வைக்கக்கூடிய வாய்ப்பைத் தவிர்க்கச் சொல்கிறோம். லேசர் முறையும் முற்றிலும் ஐயமற்றது என்று கூறிவிட முடியாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், லேசர் உணரியைக் கொண்டு பொருள்களில் எழும் அதிர்விலிருந்து ஒலியை அறிய இயலும் என்று 2020-இல் காட்டினர். அது ஆய்வுக்கூட முயற்சி. கேமராவின் ஆபத்தோடு ஒப்பிடுமளவு அன்று. எனினும், இணையத்தோடு இணைக்காமலே பொத்தானை அழுத்தி இயக்கக்கூடிய வகை கிடைக்குமாயின் அதுவே பாதுகாப்பானது.

பொத்தான் வேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. லேசர் முறையில் முன்னோடியாக விளங்கிய நியாட்டோ நிறுவனமே 2023-இல் மூடப்பட்டது; 2025-இல் அதன் இணையச் சேவையும் நிறுத்தப்பட்டபோது, வாங்கியவர்கள் கைப்பேசி வழியே இயக்கும் வசதியை இழந்தனர். பொத்தான் மட்டும் மிஞ்சியது. முன்கூறிய ஐரோபோட் நிறுவனமும் 2025 டிசம்பரில் நொடிப்பு நிலை மனு அளித்தது. வெளிநாட்டு நிறுவனத்தின் கணினியை நம்பி நம் அடுப்படி பெருக்கப்படும் நிலை வேண்டாம்.

இனி நம் கரைக்குரிய சில நடைமுறைச் செய்திகள். நம் பழைய வீடுகளின் நிலைப்படிகள் உயரமானவை; இயந்திரங்கள் பொதுவாக இரண்டு சென்டிமீட்டர் மேட்டைத் தாண்டவே திணறும். ஆகவே அடுக்களைக்கென்றே வாங்கினால் அது அடுக்களையோடு நின்றுவிடும். பத்தடிக்குப் பத்தடி அறைக்குப் பெரிய மின்கலமோ பல்லாயிரம் பாஸ்கல் ஆற்றலோ தேவையில்லை. அந்தப் பெரிய எண்கள் கம்பளம் விரித்த வீடுகளுக்குப் பயன்படுவன. டைல்ஸ், மொசைக், சிமெண்டுத் தரைக்கு 2,000 அல்லது 3,000 பாஸ்கல் போதுமானது. அதைவிட வடிகட்டி முக்கியம்: கடற்கரை மணலும் மாவும் அதை விரைவில் அடைத்துவிடும், கழுவிப் பயன்படுத்தும் வடிகட்டியா என்று கேளுங்கள். உப்புக் காற்று உலோக முனைகளை அரிக்கும். மின்னேற்றும் முனைகளை உலர்ந்த துணியால் அடிக்கடி துடையுங்கள். மயிர்த் தூரிகையைவிட ரப்பர் உருளையில் தலைமுடி குறைவாகச் சிக்கும். எரிவாயு உருளையின் ரப்பர் குழாய் தரையில் புரளாதபடி உயர்த்திக் கட்டுங்கள். இயந்திரம் அதனை இழுத்துவிடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதாயின், அங்குள்ள உத்தரவாதம் பெரும்பாலும் இங்குச் செல்லாது. காரைக்காலிலோ கும்பகோணத்திலோ பழுது பார்ப்பவர் உண்டா, தூரிகையும் வடிகட்டியும் தனியே கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். குறைந்த விலையில் தொடங்கி ஒரு லட்சம் ரூபாயையும் தாண்டும் இயந்திரங்கள் உள்ளன. அடுக்களைக்குத் தேவையானது விலையின் கீழ்ப்படியிலேயே கிடைக்கிறது. அண்டை வீட்டார் வாங்கியதைவிட உயர்ந்ததை வாங்குவது இஸ்ராஃபில் சேரும். தவணை முறையில் வட்டி மறைந்திருக்கிறதா, தாமதமானால் வட்டி விதிக்கப்படுமா என்பதைப் படித்துப் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள். தரை சுத்தமாவதற்காகப் பொருளாதாரத்தை அசுத்தமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

இறுதியாக, நம் மனத்தை உறுத்தும் ஒன்று. சில வீடுகளில் கூட்டிப் பெருக்க வரும் சகோதரி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் கணவரை இழந்தவராகவோ ஏழைக் குடும்பத்தவராகவோ இருப்பார். இயந்திரம் வந்தவுடன் அவரை நிறுத்திவிடுவது எளிது. தொழிலாளியின் வேர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம், பல்லாண்டு வேர்வை சிந்தியவரை ஒரே நாளில் கைவிடுவதை எப்படி மெச்சும்? இயந்திரம் பெருக்கட்டும், நஜீஸ் அறிந்து கழுவுவதற்கும், மூலைமுடுக்கைத் துடைப்பதற்கும், எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதற்கும் அவர் தொடரட்டும். அவருடைய முதுகுக்கும் சிறிது ஓய்வு கிடைக்கும், கூலி குறையாதிருக்கட்டும்.

சுருங்கக் கூறின், அடுக்களைக்கு வாங்குவோர் உலர் வகையை, கேமரா இல்லாததை, பொத்தானால் இயங்குவதை, உள்ளூரில் பழுது பார்க்கத்தக்கதை, ரொக்கத்துக்கு வாங்கக்கூடிய விலையில் தேர்ந்தெடுங்கள். குப்பைப் பெட்டியைக் கொட்டுபவர் யார் என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் இல்லங்களைத் தூய்மையும் மறைவும் நிறைந்தவையாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! அவற்றில் உழைக்கும் கைகளுக்கு இம்மையிலும் மறுமையிலும் நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.

வல்லாஹு அஃலம்.